செல்லம்மாளின் இரண்டாம் சாட்சி

பிள்ளைப்பாக்கத்தில் போய்ச் செல்லம்மாள் வீடு எது என்று கேட்டால் யோசிப்பார்கள். ஆஸ்டல் சமையக்காரம்மா வீடு என்று கேட்டால் உடனே கையைக் காட்டுவார்கள். ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்த பெண்பிள்ளைகள் தங்கியிருக்கிற விடுதியில் அவள்தான் சமையல். செல்போனுக்குள் வைக்கிற சின்னச் சின்னச் சாமான் செய்கிற கம்பெனிக்குப் போகிற பிள்ளைகள் அவர்கள். முதல் ஷிப்ட்டுக்கு இட்லியை வாயில் அடக்கிக்கொண்டு ஓடிப்போய் அவர்கள் ஏறுகிற பஸ்ஸை ஓட்டுகிறவர் அவளுடைய புருஷன் யாக்கோபு.

"நீ ஊட்டி அனுப்பற வெயிட்டெல்லாம் என் வண்டிதான் தாங்குது. டயர் தேயறதுக்கு உன் இட்லிதான் காரணம்னு ஓனர் கிட்ட சொல்லப்போறேன்" என்று அவர் கேலி செய்வார்.

அவள் சிரித்துக்கொண்டு போய்விடுவாள். பேச்சுக்குப் பேச்சு கொடுக்கிறவள் இல்லை செல்லம்மாள். அடுப்படியில் உதடு அசைந்துகொண்டே இருக்கும். பாட்டு என்று நினைப்பார்கள், ஜெபம். மூட்டை வந்து இறங்கும்போதும் ஸ்தோத்திரம், மூட்டை தீரும்போதும் ஸ்தோத்திரம். அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றது. வேதப் புத்தகத்தை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள், ஆனால் ஒரு நாளும் வாசிக்காமல் தூங்கமாட்டாள்.

சாது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் விடுதி மேனேஜருக்கு மட்டும் அவளிடம் கொஞ்சம் பயம் உண்டு. ஒருமுறை நேற்றைய சோறு மீந்துவிட்டது, அதைத் தாளித்துப் போட்டுவிடு என்று அவர் சொன்னார். கோடைக்காலம். சோறு லேசாக வாடை அடித்தது.  செல்லம்மாள் அண்டாவைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டுத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு வந்து, புதிதாக உலை வைத்தாள். "நான் சொன்னது காதுல வுழலயா?" என்று அவர் கத்தினார். "வுழுந்துச்சிங்க" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சு எடுத்ததில்லை.

போன வருஷம் ஆகஸ்ட் மாதம் ஒருநாள் காலை, பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பும்போது யாக்கோபுக்கு நெஞ்சை யாரோ முழங்காலால் அழுத்துகிற மாதிரி இருந்தது. இடது தாடை வரைக்கும் இழுத்தது. வியர்த்துக் கொட்டியது. ஓரங்கட்டி நிறுத்தி, தண்ணீர் குடித்து, கொஞ்ச நேரம் ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தார். வலி தானாக இறங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து கேஸ் என்றார். செல்லம்மாளின் தம்பி சாம்சன் அப்போது வீட்டில் இருந்தான். மாமன் சட்டை நனைந்திருந்த விதத்தைப் பார்த்து, "கேஸுக்கு இப்டி வேக்காது மாமா" என்று வலுக்கட்டாயமாகப் பூந்தமல்லி பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனான். அந்தப் புண்ணியம் அவனுக்கு உண்டு.

ரத்தத்தைப் பார்த்தார்கள். இதயத்தின் தசைக்கு லேசாக அடிபட்டிருக்கிறது என்றார்கள். மறுநாள் ஆஞ்சியோ. மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை இதயம் வரைக்கும் விட்டு, மருந்து செலுத்தி, ரத்தக் குழாயைப் படம் பிடித்துப் பார்ப்பது. அடைப்பு இருந்தால் கையோடு ஸ்டென்ட் வைத்துவிடுவார்கள் என்று சொல்லி உள்ளே கொண்டுபோனார்கள்.

அக்காவும் தம்பியும் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் சின்ன வயது டாக்டர் ஒருவர் தலையை நீட்டினார்.

"யாக்கோபு கூட வந்தவங்க?"

"நாங்கதான் சார்."

"பெரிய அடைப்பு எதுவும் இல்ல. இருக்கறதும் பாதிக்குக் கம்மிதான். ஸ்டென்ட் தேவைப்படாது. மேடம் உள்ள இன்னொண்ணு பாத்துட்டிருக்காங்க. வந்து பேசுவாங்க."

கடைசி இரண்டு வாக்கியம் சாம்சன் காதில் ஏறவே இல்லை. "அல்லேலூயா" என்று எழுந்து நின்று போனை எடுத்துவிட்டான். பெரிய டாக்டர் காந்திமதி வெளியே வருவதற்குள் சபையில் பாதிப் பேருக்குச் செய்தி போய்விட்டது. டாக்டரம்மா செல்லம்மாளிடம், "இப்போதைக்கு ஸ்டென்ட் வேண்டாம்மா. ஆனா உள்ளே வேற விதமா ஒரு படம் எடுத்திருக்கேன். அடுத்த புதன்கிழமை ரெண்டு பேரும் வாங்க, காட்டிப் பேசணும். அதுவரைக்கும் மாத்திரை, ஓய்வு. வண்டி கூடாது" என்றார். செல்லம்மாள் தலையாட்டினாள். காதில் முதல் வாக்கியம்தான் மணி அடித்துக்கொண்டிருந்தது.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் நெஞ்சுவலி வந்தவனைக் கேட்கிற முதல் கேள்வியே, "எத்தினி ஸ்டென்ட்?" என்பதுதான். இரண்டு வைத்தவன் ஒன்று வைத்தவனைப் பார்க்கிற பார்வையே தனி. ஒன்றும் வைக்கவில்லை என்றால் வியாதியே இல்லை, கேஸ் தள்ளுபடி. ஊரே அப்படி நம்பும்போது அவள் மட்டும் வேறு எப்படி நினைப்பாள்?

ஞாயிற்றுக்கிழமை சபையில் பிரசங்கத்துக்கு முன்னால் சாட்சி சொல்கிற நேரம் உண்டு. நன்மை பெற்றவர்கள் எழுந்து நின்று, கர்த்தர் தங்களுக்குச் செய்ததைச் சொல்வார்கள். இத்தனை வருஷத்தில் செல்லம்மாள் ஒருமுறைகூட எழுந்ததில்லை. நாலு பேருக்கு முன்னால் நின்றால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்றைக்குச் சாம்சன் முழங்கையால் இடித்தான். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"என் வூட்டுக்காரர் ரத்தக் கொழாய்ல இருந்த அடைப்ப கர்த்தர் கரைச்சிட்டாரு. ஸ்டென்ட் வெக்க ரெடியா நின்னுகினு இருந்த டாக்டருங்க, ஒண்ணும் இல்லன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. பரிபூரண சொகம் குடுத்த ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்."

தகரக் கூரை அதிரக் கை தட்டினார்கள். யாக்கோபு கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாஸ்டர் அவர் தலையில் கையை வைத்து ஜெபித்தார். செல்லம்மாள் வீட்டுக்கு வந்து கோழிக்குழம்பு வைத்தாள். அந்த வாரம் மாதிரிச் சந்தோஷமான வாரம் அவர்களுக்கு அமைந்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

புதன்கிழமை டாக்டர் காந்திமதி தன் மேஜை மேல் இருந்த திரையை இவர்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

"இது ஆஞ்சியோ. நாம விட்ட மருந்து ஓடற வழி மட்டும்தான் இதுல தெரியும். பாருங்க, வழி நல்லாத்தான் இருக்கு. ஆனா ரத்தத்துல அடிபட்ட அறிகுறி இருந்ததே, அது எதனால? எனக்குத் திருப்தியா இல்ல. அதனால நூல் மாதிரி இன்னொரு குழாயை உள்ள விட்டேன். அதோட முனையில வெளிச்சம் இருக்கும். ரத்தத்தைக் கொஞ்சம் விலக்கிவிட்டு, சுத்திச் சுத்திப் பாத்துக்கிட்டே பின்னால வரும். இது வழியைக் காட்டறது இல்ல. சுவத்தைக் காட்டும்."

அடுத்த படம் வந்தது. வட்டமாக இருந்தது. மரத்தைக் குறுக்கே அறுத்தால் தெரியுமே, அந்த மாதிரி. ஒரு பக்கம் வெள்ளையாக, வளையம் வளையமாக ஒழுங்காக இருந்தது. மறு பக்கம் புகை படிந்தது போல் மங்கி, ஆழம் தெரியாமல் இருந்தது.

"இங்க மங்கலா இருக்கே, இதெல்லாம் கொழுப்பு. சுவத்துக்குள்ளயே சேந்திருக்கு. வழிப்பக்கம் நீட்டிக்கிட்டு வராததால ஆஞ்சியோவுல பெருசாத் தெரியல. அது மேல மூடியிருக்கற இந்தக் கோடு பாருங்க."

செல்லம்மாள் குனிந்து பார்த்தாள். கோடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

"ஒரு தலைமுடி கனம்கூட இல்ல" என்றார் டாக்டர். "கொப்புளம்னு வெச்சுக்கோங்க. உள்ள கொழுப்பு, மேல மெல்லிசாத் தோல். பக்கத்துல இந்த மாதிரி ஒண்ணு லேசாக் கீறி, அதுவே மூடிக்கிச்சு. அதுதான் அன்னிக்கு வலி. இது இன்னும் கீறல. கீறினா, அந்த இடத்துல ரத்தம் உறைஞ்சு வழியை அடைச்சிரும். முன்கூட்டிச் சொல்லிட்டு வராது."

யாக்கோபு தொண்டையைக் கனைத்தார். "அப்ப ஸ்டென்ட் வெச்சிடலாமேம்மா."

"வழி அடையாதப்போ ஸ்டென்ட் எதுக்கு? இதுக்கு மருந்துதான் வழி. தினமும் தவறாம மாத்திரை. உள்ள இருக்கற கொழுப்பு கொஞ்சம் கொஞ்சமாக் குறையும், மேல தோல் தடிக்கும். அதுக்கு நாள் பிடிக்கும். பீடி இன்னியோட கடைசி."

"கண்டிப்பா கீறும்ன்றீங்களா?"

டாக்டர் யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "சொல்ல முடியாது. இந்த மாதிரி நிறைய கொப்புளம் ஒண்ணும் பண்ணாமலே ஆறிப்போயிடும். சிலது கீறும். எது எப்போங்கறது யாருக்கும் தெரியாது. அதனாலதான் சொல்றேன், பஸ் இப்போ வேண்டாம். நான் மறுபடியும் பாத்துட்டு, சரின்னு சொல்ற வரைக்கும் வேண்டாம்."

ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றதும் யாக்கோபு கேட்டதையெல்லாம் உதறிப்போட்டுவிட்டார். "கேட்டல்ல? ஆறிப்போயிடும்னாங்க. கீறும்னு அவங்களே சொல்லல."

செல்லம்மாள் மருந்துச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் அந்த வட்டத்தையே நினைத்துக்கொண்டு வந்தாள். மங்கலாக இருந்த பக்கம். அதன் மேல் இருந்தும் இல்லாத கோடு. காலையில் சாப்பிட்டுவிட்டு வரிசையாக ஏறுகிற பிள்ளைகள்.

அன்றைக்குச் சாயங்காலமே பஸ் ஓனர் புருஷோத்தமன் வீட்டுக்கு வந்தார். யாக்கோபோடு ஒன்றாகக் கோலி ஆடி வளர்ந்த சிநேகிதர். இப்போது நாலைந்து கம்பெனிக்கு வண்டி விடுகிறார். ஆள் பற்றாக்குறை. "ஸ்டென்ட்டும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அப்பறம் இன்னாடா படுத்துகினு கீற? திங்கக்கெழமையில இருந்து வந்துரு" என்றார்.

"வரேன்டா" என்றார் யாக்கோபு.

அவர் போன பிறகு செல்லம்மாள், "டாக்டரம்மா வேணான்னாங்களே" என்றாள்.

"அவங்க அப்டித்தான் சொல்வாங்க."

"வெளிச்சத்த உள்ள வுட்டு பாத்துட்டு சொல்றாங்க. வெளிய நின்னுகினு சொல்லலியே."

"செல்லம்மா, சபையில நின்னு சாட்சி சொன்னது யாரு?"

அவள் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"கர்த்தர் கரைச்சிட்டாரு, பரிபூரண சொகம்னு நீதான சொன்ன? நான் சொல்லலியே. கை தட்டினாங்க, பாஸ்டர் தலையில கைய வெச்சாரு. இப்ப இல்ல, இன்னும் கீதுன்ற. அன்னிக்கு சொன்னது பொய்யா, இன்னிக்கு சொல்றது பொய்யா?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. ஏதோ ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கேட்டார். அதுதான் அவளைக் குத்தியது. சாம்சனும் அதே பாட்டைப் பாடினான். "அக்கா, நீ இப்ப இப்டி பேசினா அவிசுவாசம்க்கா. வாயில சொன்னத வாயாலயே அழிக்கறியா?"

தான் சொன்ன ஒரு வார்த்தை, புருஷனைத் தூக்கிக்கொண்டு போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார வைக்கப்போகிறது என்று அவளுக்குப் புரிந்தது. அழவில்லை. இரண்டு நாள் அடுப்படியில் உதடு அசையவே இல்லை. சனிக்கிழமை மத்தியானம் சமையல் முடிந்ததும் நேராகப் பாஸ்டர் வீட்டுக்கு நடந்தாள்.

பாஸ்டர் ஐயா நல்லவர். உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு, "சிஸ்டர், மாத்திரை சாப்பிடறது ஒண்ணும் தப்பில்ல. அத வூட்டோட பாத்துக்கலாம். சபையில சொன்ன சாட்சிய சபையிலயே மாத்தி சொன்னா, புதுசா வந்தவங்க இடறிப்போவாங்க" என்றார்.

"ஐயா, நடக்காதத நடந்துச்சின்னு அவர் பேர்ல சொல்லிட்டேன். அது ஆண்டவருக்கு மகிமையா?"

"நீங்க தெரிஞ்சு சொல்லலியே."

"இப்ப தெரியுதே ஐயா. இப்பவும் சும்மா இருந்தா தெரிஞ்சே சொன்ன மாதிரிதான."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. செல்லம்மாளுக்கு அது போதும். ஸ்தோத்திரம் சொல்லி எழுந்து வந்தாள்.

மறுநாள் சாட்சி நேரத்தில் யாரும் இடிக்காமலே எழுந்தாள். பக்கத்தில் இருந்த சாம்சன் முந்தானையைப் பிடித்து இழுத்தான். அவள் பிடுங்கிக்கொண்டாள்.

"போன வாரம் நின்னு, கர்த்தர் அடைப்ப கரைச்சிட்டாருன்னு சொன்னேன். அது நானா சொன்னது. பாதி பேச்ச கேட்டுகினு வந்து சொல்லிட்டேன். அவர் கொழாய்க்குள்ள டாக்டரம்மா வெளிச்சத்த வுட்டு பாத்தாங்க. கொழுப்பு கொப்புளமா கீது. மேல தோலு மெல்லிசா கீது. அது போவல, இன்னும் அங்கயேதான் கீது. முன்னாடி எடுத்த படத்துல அது தெரியல. ஒளிஞ்சிகினு இருந்தத கர்த்தர் காட்டினாரு. எனக்கு தெரிஞ்சி அவர் செஞ்சது அதுதான். காட்டினதுக்கப்பறம் நான் கண்ண மூடிகினா அவருக்கு இன்னா மரியாத? அது ஆற வரைக்கும் என் வூட்டுக்காரர் பஸ் ஓட்டக்கூடாது. அதுக்காக எல்லாரும் ஜெபம் பண்ணுங்க."

கை தட்டுகிற சாட்சி இல்லை அது.  பின்வரிசையில் யாரோ ஆமென் என்று ஆரம்பித்துப் பாதியில் விழுங்கிவிட்டார்கள். பாஸ்டர் மெதுவாக ஒரு பாட்டு நம்பரைச் சொன்னார்.

வீட்டுக்கு வருகிற வழியில் யாக்கோபு முன்னால் நடந்தார், அவள் பின்னால் நடந்தாள். "ஊருக்கெல்லாம் என்ன சீக்காளின்னு டமாரம் அடிச்சிட்ட" என்றார் வாசலில் வைத்து.  படுக்கப் போகும்போது, காலையில் வண்டிக்குப் போட்டுக்கொண்டு போகிற காக்கிச் சட்டையை எடுத்து ஆணியில் மாட்டினார். அவளுக்குத் தெரியட்டும் என்றுதான் மாட்டினார்.

திங்கட்கிழமை விடியற்காலை விடுதி வாசலில் ஹாரன் கேட்டது. செல்லம்மாள் கடைசி ஈடு இட்லியை இறக்கினாள். பரிமாறுகிற பெண்ணிடம் கரண்டியைக் கொடுத்துவிட்டு, கையைக் கழுவி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பிள்ளைகளோடு பிள்ளையாக வரிசையில் போய் நின்றாள்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த தங்கமாரி என்ற பெண் திரும்பிப் பார்த்தாள். "என்னத்தே, எங்க கூட லைனுக்கா வாரீய? கார்டு இல்லாம செக்யூரிட்டி உள்ள விடமாட்டானே."

"கம்பெனிக்கி இல்லம்மா. பஸ்ஸுக்கு."

ஏறி, டிரைவருக்குப் பின்னால் இருந்த முதல் சீட்டில் உட்கார்ந்தாள். யாக்கோபு கண்ணாடியில் பார்த்தார்.

"எறங்கு."

"நீங்க ஓட்டுங்க."

"எதுக்கு வந்த?"

"இந்தப் புள்ளைங்க என் கையால தின்னுட்டு உங்கள நம்பி ஏறுதுங்க. நானும் ஏறிகினேன். நாளிக்கும் வருவேன், நாளான்னிக்கும் வருவேன். உங்களுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு நீங்கதான சொல்றீங்க. அப்பறம் நான் வந்தா இன்னா?"

"வேல இல்ல உனுக்கு?"

"இதான் வேல."

"மாமா, நீங்களும் அத்தையும் சண்டைய சாயங்காலம் வச்சுக்கிடுங்க. லேட்டுன்னா அந்த லைன் லீடர் எங்களத் திம்பான்" என்றாள் தங்கமாரி. பின்னால் சிரித்தார்கள்.

வண்டி கிளம்பியது. கார்களை அடுக்கி ஏற்றிய நீளமான டிரெய்லர்கள் ரோட்டோரம் வரிசையாக நின்றன. தண்ணி லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே முந்தியது. பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தூங்கிச் சரிய ஆரம்பித்தார்கள். ஜன்னல் கம்பியில் தலை இடிப்பதுகூடத் தெரியாத தூக்கம். தங்கமாரி வாயைத் திறந்துகொண்டு செல்லம்மாள் தோளில் சாய்ந்தாள். செல்லம்மாள் அசையாமல், சாலையையும் பார்க்காமல், கண்ணாடியில் தெரிந்த அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு வந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது.

அவர் ஒருமுறை கண்ணாடியைப் பார்த்தார். சாலையைப் பார்த்தார். மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தார். கை ஒருதரம் நெஞ்சைத் தடவிவிட்டு ஸ்டியரிங்குக்குத் திரும்பியது. ஒரகடம் மேம்பாலம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இண்டிகேட்டரைப் போட்டு, இடது பக்கம் ஒதுக்கி, ஒரு சிறுபாலத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, கை பிரேக்கைப் போட்டார்.

செல்லம்மாள் பதறி எழுந்தாள். "வலிக்குதா?"

"வலி ஒண்ணும் இல்ல."

"பின்ன?"

"வலிக்குதா வலிக்குதான்னு நெஞ்சையே கேட்டுகினு வரேன். ரோட்ட எங்க பாக்கறது?" என்றார். குரல் இறங்கியிருந்தது. போனை எடுத்தார். "புருஷு, வண்டி பாலத்துக்கு இந்தாண்ட நிக்குது. ஆள அனுப்பு."

மறுமுனையில் புருஷோத்தமன் கத்துவது முதல் சீட்டு வரைக்கும் கேட்டது. "பிரேக்டவுனா?"

"வண்டி நல்லாத்தான் கீது. டிரைவர்தான் சரியில்ல."

புருஷோத்தமன் சட்டைப் பொத்தான் கூடப் போடாமல் பைக்கில் வந்து இறங்கினார். செல்லம்மாளைப் பார்த்ததும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். "இன்னா தங்கச்சி, ஆஸ்டல்ல சோறு ஆக்கறது பத்தலன்னு என் வண்டிக்கு இன்ஸ்பெக்டராவும் சேந்துட்டியா?"

"சம்பளம் வேணாண்ணா."

"சம்பளம் வேற குடுப்பாங்களா உனக்கு?" என்று முணுமுணுத்துக்கொண்டே பைக் சாவியை யாக்கோபு பக்கம் நீட்டினார். நீட்டிய கையை அப்படியே பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "வேணாம். இதையும் நீ ஓட்டாத. பையன அனுப்பி எடுத்துக்கறேன்." தானே சீட்டில் ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தார். கிளம்பும்போது தலையை வெளியே நீட்டி, "சாயங்காலம் ஷெட்டுக்கு வாடா. உக்காந்து செய்யற வேல எதுனா பாக்கலாம்" என்றார்.

பிள்ளைகளுக்கு அன்றைக்கு லேட்தான். லைன் லீடரிடம் திட்டும் வாங்கினார்கள்.

புருஷனும் பெண்சாதியும் அந்தச் சிறுபாலத்துக் கட்டை மேல் உட்கார்ந்தார்கள். கன்டெய்னர் லாரிகள் போகப் போகக் கட்டை அதிர்ந்தது. 

"சீட்ட வுட்டு எறங்கினா சீக்காளின்னு நானே ஒத்துகினா மாதிரி. அதான் எறங்க மாட்டேன்னேன்" என்றார் பிறகு. "பயமா கீது செல்லம்மா. அந்தப் படத்த பாத்ததுல இருந்து பயமா கீது."

"எனக்குந்தான்" என்றாள் அவள். "பயப்படுவோம். ரெண்டு பேருமா பயந்துகினே மாத்திரைய போட்டுக்கலாம். வாங்க, மத்தியான சாம்பாருக்கு இன்னும் பருப்பு வேவல."

ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டினாள்.

இது நடந்து மாதங்கள் ஓடிவிட்டன. யாக்கோபு இப்போது புருஷோத்தமன் ஷெட்டில் வண்டிகளுக்குக் காற்று, டீசல், ஆயில் பார்க்கிறார். பீடியை விட்டுவிட்டார். விட்ட நாளிலிருந்து யார் மேலாவது எரிந்து விழுந்துகொண்டே இருக்கிறார். ரத்தத்தில் கொழுப்பு நன்றாக இறங்கியிருக்கிறது என்றார் டாக்டர் காந்திமதி. பஸ் வேலைக்குத் திரும்பிப் போவதா வேண்டாமா என்று முடிவு பண்ணுவதற்கு முன்னால், வருஷம் திரும்பியதும் மறுபடியும் அந்த வெளிச்சக் குழாயை விட்டுத் தோல் தடித்திருக்கிறதா என்று பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். அந்தப் படத்தில் என்ன தெரியும் என்று செல்லம்மாளுக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி யாரிடமும் சொல்வதும் இல்லை. கேட்கிறவர்களிடம், "மாத்திர போட்டுகினு கீறாரு, ஜெபம் பண்ணிகினு கீறோம்" என்கிறாள். ராத்திரி வேதம் வாசித்து முடித்ததும் மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டுவாள். அவர் விழுங்குகிற வரைக்கும் எதிரிலேயே நிற்பாள். சாம்சன் அவளோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை. ஆனால் மாத்திரை தீர்ந்தால் வாங்கி வருகிறவன் அவன்தான்.

பஸ்ஸை இப்போது மணிமங்கலத்துக்காரர் நாகப்பன் என்பவர் ஓட்டுகிறார். ஷெட் அதே வழியில் இருப்பதால் யாக்கோபு காலையில் அந்தப் பஸ்ஸிலேயே போகிறார். டிரைவருக்குப் பக்கத்தில், இன்ஜின் பெட்டிக்கு இந்தாண்டை உட்கார்ந்துகொள்வார். முன்னால் போகிற லாரி வேகம் குறைத்தால் போதும், இவருடைய வலது கால் தரையைப் போட்டு மிதிக்கும்.

"இன்னா நைனா" என்பார் நாகப்பன் திரும்பாமலே, "அங்க ஒண்ணும் இல்ல, பிரேக் இங்க கீது."

பின்னால் தங்கமாரி சிரிப்பாள். யாக்கோபு காலை இழுத்துக்கொள்வார். அடுத்த லாரி வரும்போது மறுபடியும் மிதிப்பார்.